பாறைக்களத்துக் கொல்லை

முதல் நாள், சேலம்

என் தந்தையார் மறைந்து ஓராண்டு நிறைந்து, தலைத்திவசமும் முடிந்த மறுநாள் காலையில், அவர் யாரையும் தொட விடாமல் பரண்மேல் வைத்திருந்த தகரப் பெட்டியை அத்தையின் முன்னிலையில் திறந்தோம். எண்பத்தெட்டு வயதாகும் அத்தை அவருக்கு மூத்தவர். எங்கள் குடும்பத்தில் மலையில் வாழ்ந்த நினைவோடு இன்றும் இருப்பவர் அவர் ஒருவரே. பெட்டிக்குள் வரி கட்டிய ரசீதுகளும், கரையான் ஓரம் தின்ற ஒரு ஜாதகக் கட்டும், துணியில் சுற்றி வைத்த ஒரு கிரயப் பத்திரமும் இருந்தன. என் பாட்டனார் 1953ஆம் ஆண்டு சேர்வராயன் மலையில் இருந்த காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சேலத்துக்கு இறங்கி வந்தபோது எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகல் அது.

எங்கள் வீட்டில் நான் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. தாது வருடப் பஞ்சத்தில் தாரமங்கலம் பக்கத்து மானாவாரி நிலம் காய்ந்து கட்டாந்தரையானபோது, என் ஓட்டனார், அதாவது பாட்டனாருக்குப் பாட்டனார், இருபது வயதில் தன் தாயை அழைத்துக்கொண்டு மலையேறினார்; அங்கே யாருமில்லாத காட்டை வெட்டித் திருத்தி, மூன்று ஏக்கரில் காப்பி வைத்துக் குடும்பத்தைத் தலைநிமிர்த்தினார் என்பது அந்தக் கதை. அவரை எல்லாரும் மலைத்தாத்தா என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வந்த மருமகள்கள் மாமனாரின் பெயரையும் அவரைப் பெற்றவரின் பெயரையும் வாயால் சொல்லமாட்டார்கள் என்பதால், பிள்ளைகளுக்குக் கதை சொன்ன பெண்களின் வழியாக அவருடைய இயற்பெயர் எங்களிடம் வரவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் தொலைந்துபோகவும் இல்லை. பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கப்படி அவர் பெயர் என் பாட்டனாருக்கு வந்தது, பாட்டனார் பெயர் எனக்கு வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக எங்கள் வம்சத்தில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன.

பத்திரத்தை அத்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். சொத்து விவரத்தில், ‘பாறைக்களத்துக் கொல்லை என்று வழங்கும் புஞ்சை ஏக்கர் மூன்று சென்ட் இருபதுக்குச் செக்குபந்தி: ஓடைக்கு மேற்கு, சாமிக்காட்டுக்குத் தெற்கு, துரை தோட்டத்து வேலிக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு’ என்றிருந்தது. செக்குபந்தி என்றால் நான்கெல்லை விவரம். அத்தையின் முகம் மலர்ந்தது. “அந்தப் பாறை மேலதான் கண்ணு காப்பிப் பழத்தைக் காயப் போடுவோம். மழ வந்துச்சுன்னா அள்ளிட்டு ஓடணும்” என்றார். எனக்கோ வேறொரு வரியில் கண் நின்றுவிட்டது. சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில், ‘என் பாட்டனார் 1893ஆம் வருஷம் கிரயம் பெற்று, அவருக்குப் பின் என் தகப்பனாரும் நானும் சர்வ சுதந்திரமாய் அனுபவித்து வருகிற’ என்று எழுதி, பக்கத்திலேயே பழைய பத்திரத்தின் எண்ணும் குறித்திருந்தார்கள். கிரயம் பெற்று என்றால் விலைக்கு வாங்கி என்று பொருள். காட்டை வெட்டித் திருத்தியவர் அதை யாரிடம் விலைக்கு வாங்கியிருக்க முடியும்? இத்தனை ஆண்டுகள் இந்தப் பத்திரம் எங்கள் தலைக்கு மேல் பரணிலேயே இருந்தும் எவரும் அந்த வரியைக் கேட்டதில்லை. அங்கே போய்ப் பார்த்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

இரண்டாம் நாள், சேலம்

இன்று முழுவதும் அலுவலகங்களில் கழிந்தது. முன்னோரின் நிலத்தைத் தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதற்காகச் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சாதாரணக் குடியானவனின் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது இந்தச் சேலம் சீமையிலிருந்துதான் தொடங்கியது என்று சொல்லலாம். 1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது, அதன் அதிகாரியான அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே பணியாற்றிய தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை நடத்திப் பார்த்தார்கள். அந்த முறையின் நோக்கம் வரி வசூல்தான் என்றாலும், ஏர் பிடித்தவனின் பெயர் பட்டாவில் ஏறியது அதனால் கிடைத்த பேறு. நம்மைப் போன்றவர்களுக்குக் கல்வெட்டோ செப்பேடோ இல்லை, பட்டாதான் இருக்கிறது.

பத்திரத்தில் இருந்த பழைய சர்வே எண்ணை இன்றைய எண்ணோடு பொருத்துவதுதான் முதல் வேலை. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லாரும் யூ.டி.ஆர். என்று சொல்கிறார்களே அதில், பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டு, ஏக்கரும் சென்டும் போய் ஹெக்டேரும் ஏர்ஸும் வந்தன. மூன்று ஏக்கர் இருபது சென்ட் என்பது 1.29.5 ஹெக்டேர். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கிராமத்து நிலங்களையெல்லாம் எண்வாரியாகக் குறித்திருக்கும் ‘அ’ பதிவேட்டின் வரிசையில் விரலை ஓட்டியபோது, ஒரே இடத்தில் அது இம்மியும் பிசகாமல் நின்றது. உட்பிரிவு ஆகாமல் அந்த நிலம் இன்றும் ஒரே துண்டாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

1893ஆம் ஆண்டுப் பத்திரத்துக்குத் தனியாக மனுப் போட்டேன். அசையாச் சொத்தின் பத்திரங்களை எழுத்தர்கள் கையாலேயே படியெடுத்து வைத்த முதலாம் புத்தகம் என்ற தொகுதிகள் பதிவு அலுவலகங்களில் உண்டு. எண்ணும் ஆண்டும் தெரிந்தால் நகல் கேட்கலாம். எண் தெரியாதவர்கள் பெயர் வரிசையில் உள்ள குறிப்பேட்டைத்தான் புரட்ட வேண்டும், எங்களைப் போல் இரண்டே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் குடும்பத்தாருக்கு அது பெருஞ்சிக்கல். இன்னார் மகன் இன்னார் என்று ஒரு பதிவைப் பார்த்தால், அது ஓட்டனாரா, பாட்டனாரா என்று ஆண்டைப் பார்த்தால்தான் தெரியும். நான் பார்த்த ஏட்டில் 1931இல் ஒரு அடமானம் இருந்தது. பெயர் என்னுடையது, தகப்பன் பெயரும் என் தந்தையாருடையது. அது பாட்டனார் வாங்கிய கடன் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.

ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து உட்கார வைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு அந்த ஏடு சிதிலமாகிவிட்டது என்றார்கள். மனம் மிகவும் வருந்தியது. நல்லவேளையாக எனக்கு வேண்டிய ஆண்டு அதில் இல்லை. நகல் கிடைக்கச் சில நாட்கள் ஆகும் என்பதால் நாளை மலைக்குப் புறப்படுகிறேன்.

மூன்றாம் நாள், ஏற்காடு

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறது. ஓட்டனார் ஏறிய காலத்தில் இந்தச் சாலை கிடையாது. துரைமார்கள் மட்டக்குதிரையிலும், ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியிலும் போனார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் கீழே விரியும் சேலத்துச் சமவெளியைப் பார்த்தபோது, பசியோடு இந்தச் சரிவில் கால் வைத்த ஒரு தாயையும் மகனையுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1876இல் பருவமழைகள் பொய்த்துத் தொடங்கிய அந்தத் தாது வருடப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சம் பேர்தான். இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய காலத்தில், இருந்த மக்கள்தொகையிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. ரயில் பாதை போட்டு அப்போதே பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன, தானியம் ரயிலில் வந்துகொண்டும் இருந்தது. ஆனால் விலை கொடுத்து வாங்கக் கூலிக்காரன் கையில் காசில்லை. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு, பஞ்சத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது சில்லறையும்தான். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கல்லுடைக்கிறவனுக்கு அது போதாது என்று சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் எழுதி எழுதி வாதாடினார். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் கண் கலங்கும்.

மலையில் கூலிக்கு வேலை இருந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கிரேஞ்ச் தோட்டத்தில் காப்பியும், பேரி, ஆப்பிள் போன்ற பழ மரங்களும் வைத்துப் பார்த்ததிலிருந்து தொடங்கி, அடுத்த ஐம்பது ஆண்டுகளில் தோட்டங்கள் மலை முழுவதும் பரவிவிட்டன. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காப்பிச் செடி நட்டுக் காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை உண்ண வழியுள்ளவனால்தான் காப்பி வைக்க முடியும். அதோடு, 1869இல் இலங்கையில் கண்ட இலைத்துரு நோய் அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியத் தோட்டங்களிலும் பரவியிருந்த நேரம் அது. வெறுங்கையோடு வந்த இருபது வயதுப் பையன் அந்த ஆண்டுகளில் சொந்தமாகக் காப்பி வைத்தான் என்ற எங்கள் கதையை, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது என்னால் நம்ப முடியவில்லை. அவர் தோட்டத்துக் கூலியாட்களுக்கான வரிசை வீடாகிய லயத்தில் தங்கி, காலையில் பேர் போட்டு, கூலிக்கு மரம் வெட்டியிருக்க வேண்டும். வெட்டியது அவர் கைதான். அதில் ஐயமில்லை. வெட்டிய காடு வேறொருவருடையது.

மாலையில் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பாசி படர்ந்த கற்களில் தோட்ட முதலாளிகளின் பெயர்களும், பிறந்து சில மாதங்களில் இறந்த குழந்தைகளின் பெயர்களும் இருக்கின்றன. அவர்களுக்கும் இந்த மலை எளிதாக இருந்துவிடவில்லை. மலைத்தாத்தாவை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று அத்தைக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள், நாகலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர்

ஊரின் பெயரையும் மனிதர்களின் பெயர்களையும் அவர்கள் வேண்டியபடி தவிர்க்கிறேன்.

தை மாதம் என்பதால் கடைசிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. இப்போதைய உரிமையாளரிடம் தொலைபேசியில் அனுமதி பெற்றுக்கொண்டு, விசாரித்து விசாரித்து நடந்தபோது, ஒரு பெரியவர் தாமாகவே கூட வந்தார். எண்பது வயதிருக்கும். இந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளி இனத்தவர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனதாக இவர்களின் வழிவழிக் கதை சொல்கிறது. சாமை, ராகி, அவரை என்று விளைவித்து, சேர்வராயனைக் குலசாமியாகக் கும்பிட்டு, காப்பி என்ற சொல் இம்மலையில் கேட்பதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே வாழ்கிறவர்கள்.

ஓடை இருந்தது. வண்டிப்பாதை இன்று தார்ச்சாலை. துரை தோட்டத்து வேலி இருந்த இடத்தில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. வடக்கே சாமிக்காடு வெட்டுப்படாமல் இருண்டு கிடந்தது. நான்கெல்லையும் பத்திரத்தில் சொன்னபடியே நின்றதைக் கண்டபோது உடல் சிலிர்த்தது. நடுவில் அத்தை சொன்ன பாறை. ஒரு கல்யாணப் பந்தல் போடலாம் என்னும் அளவுக்குப் பரந்து, லேசாகக் கிழக்கே சாய்ந்த வழுவழுப்பான பாறை. அதன்மேல் சிவந்த காப்பிப் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

பெரியவரிடம் எங்கள் குடும்பக் கதையைச் சொன்னேன். என் ஓட்டனார் வெட்டித் திருத்திய காடு இது என்று சொல்லும்போது, பத்திரத்தின் அந்த வரி நினைவில் இருந்தும், எப்படியோ பழைய கதையே வாயில் வந்துவிட்டது. அவர் மறுத்து எதுவும் சொல்லவில்லை. பாறையின் தென்மூலைக்கு அழைத்துப்போய், காய்ந்துகொண்டிருந்த பழங்களைக் கையால் ஒதுக்கினார். அங்கே பாறையிலேயே குடைந்த உரல்குழி ஒன்று இருந்தது. ஒரு முழங்கை இறங்கும் ஆழம். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். வாய்ப்புறம் சொரசொரப்பாகவும், உள்ளே இறங்க இறங்க எண்ணெய் பூசியது போலவும் இருந்தது. உலக்கை பட்டுப் பட்டுத் தேய்ந்த வழுவழுப்பு அது. ஒருவர் ஆயுளில் கல் அப்படித் தேயாது. சற்றுத் தள்ளி, பாதி தேய்ந்து அடியில் விரிசல் கண்டதால் கைவிட்ட இன்னொரு குழியும் இருந்தது.

“சாமை குத்துன குழி தம்பி. இது களம். அறுத்தாந்து இங்கதான் அடிப்பாங்க, இங்கயே குத்துவாங்க” என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, “காடா இருந்தா களம் எதுக்கு?” என்று மெல்லக் கேட்டார்.

பாறைக்களத்துக் கொல்லை. பெயரே சொல்லியிருக்கிறது, நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை. கொல்லை என்பது இம்மலையில் விதைக்கிற மேட்டு நிலம். களம் என்பது கதிரடிக்கும் இடம். காப்பிக் காட்டுக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள்.

“இது யாரோட கொல்லைங்கய்யா?” என்று கேட்டேன். தம்முடைய பாட்டனாருக்குப் பாட்டனார் விதைத்த கொல்லை என்றும், எப்படிக் கைமாறியது என்று தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவர்கள் வீட்டிலும் பேரனுக்குப் பாட்டன் பெயர்தான் என்பதால், அந்த முன்னவரின் பெயரும் இவருடைய பெயரும் ஒன்றே. சிறுவயதில் இதே கொல்லையில் என் பாட்டனாரிடம் பழம் பறித்துக் கூலி வாங்கியதாகச் சொல்லி, என் பாட்டனார் எப்படி நடப்பார், வெற்றிலை போட்டால் எந்தப் பக்கம் அடக்கிக்கொள்வார் என்றெல்லாம் நினைவுகூர்ந்தார். என் தந்தையாரும் இவரும் ஒரு காலத்தில் இந்தப் பாறையில் சேர்ந்து விளையாடியிருக்கக்கூடும். வீட்டில் வெல்லம் போட்ட கடுங்காப்பி கொடுத்தார்கள். மாலையில் பனி இறங்கிவிட்டதால் அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். ராகிக் களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

ஐந்தாம் நாள்

காலையில் சேர்வராயன் கோயிலுக்கு ஏறிக் கும்பிட்டுவிட்டு, குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கினேன். கோயிலின் குகைக்குள் குனிந்து நின்றபோது என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தையிடம் உரல்குழியைப் பற்றிச் சொன்னதும், “அதுல மழத் தண்ணி நிக்கும், நாங்க கால் விட்டுட்டு உக்காந்திருப்போம்” என்றார்.

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு

நகல் வந்துவிட்டது. ஆதலால் இந்தக் குறிப்பையும் பயணத்தோடு சேர்க்கிறேன்.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலத்தின் கிரயத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விதித்திருந்தது. இந்தக் கிரயத்தின் தொகை ரூபாய் 145. தொண்ணூறு ரூபாய்க்கு முடிந்திருந்தால் வாய்ப்பேச்சோடு போயிருக்கும். இந்தக் காகிதம் இருந்திருக்காது.

எழுதி வாங்கியவர் ‘தோட்டத்தில் மேஸ்திரி வேலை பார்த்து ஜீவித்து வருகிற’ என் ஓட்டனார். அந்தப் பெயரைப் பார்த்ததும், யாரோ என்னைக் கூப்பிட்டது போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூலியாகப் போனவர் பதினைந்து ஆண்டுகளில் மேஸ்திரியாகியிருக்கிறார். ஆட்களுக்கு முன்பணம் கொடுக்கவும் தானியம் அளக்கவும் அவர் கையில் பொருள் சேர்ந்திருக்கிறது. எழுதிக் கொடுத்தவரின் பெயர் நாகலூர்ப் பெரியவரின் பெயர். கிரயத் தொகை செல்லான விவரம் இப்படி இருந்தது: ‘உம்மிடத்தில் நான் தவணை தவணையாய் வாங்கிச் சாப்பிட்ட கேழ்வரகுக்கும் ரொக்கத்துக்குமாய் ஆன கடன் ரூபாய் 130 கழித்துக்கொண்டது போக, இன்று ரொக்கம் பற்றிக்கொண்டது ரூபாய் 15.’ கடைசியில் கையெழுத்துக்குரிய இடத்தில் எழுத்தர் ‘கீறல்’ என்று மட்டும், அதாவது எழுதத் தெரியாதவர் இட்ட குறி என்று, படியெடுத்திருக்கிறார்.

ஒரு பவுண்டு தானியத்துக்குக் கல்லுடைக்க வேண்டியிருந்த காலத்தில் மலையேறியவர், இன்னொருவர் வாங்கிச் சாப்பிட்ட கேழ்வரகுக்காக அவர் கொல்லையை எழுதி வாங்கியிருக்கிறார். அவர் மீது எனக்கு இன்றும் பாசம் உண்டு. அந்தத் தாயையும் மகனையும் நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் யாருமில்லாத காடு என்று இனி என் பேரப்பிள்ளைகளிடம் நான் சொல்லமாட்டேன்.

பத்திரத்தை அத்தைக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கேழ்வரகு என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தவர் பெயரை இரண்டு முறை கேட்டு, தாமும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, “அவங்க வூட்டுலயும் ஒரு காயிதம் இருக்கட்டும் கண்ணு, நீயே போய்க் குடுத்துட்டு வா” என்றார்.

இரண்டு பிரதிகள் எடுத்திருக்கிறேன். ஒன்று 1953ஆம் ஆண்டுப் பத்திரத்தோடு தகரப் பெட்டிக்குள் போயிற்று. மற்றதைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, நாளை காலை மலைக்குப் போகும் முதல் பேருந்துக்காகப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.